பள்ளி ஆண்டும் கரும்புப் பருவமும்

(புனே மாவட்டம் ரஞ்சன்காவில் தமிழ்த் தொழிலாளர் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி ஜூனில் திறக்க வேண்டுமா, ஏப்ரல் முதல் நாளிலேயே திறந்துவிட வேண்டுமா என்று மராட்டிய மாநிலத்தில் ஒரு விவாதம் நடந்து வருகிறது. ஊதிய உயர்வு, ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரம், சட்டத் தொகுப்புகள் என்று தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது இதைப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். பேச வேண்டிய காரணம் இந்த ஊரிலேயே இருக்கிறது. ரஞ்சன்காவ் ஒரு பக்கம் தொழிற்பேட்டை. இன்னொரு பக்கம் கோட், பீமா ஆறுகளின் பாசனத்தில் விளையும் கரும்பு. தொழிற்பேட்டைக்கு வருகிறவர்களும் வெளியூர்க்காரர்கள். கரும்புக்கு வருகிறவர்களும் வெளியூர்க்காரர்கள். இரு சாராருடைய பிள்ளைகளும் ஒரே ஜில்லா பரிஷத் பள்ளியின் வாசலில் வந்து நிற்கிறார்கள். அந்த வாசல் எந்த நாளில் திறக்கிறது, எத்தனை நாள் திறந்திருக்கிறது என்பது அவர்களுக்கு வெறும் நிர்வாகச் செய்தி அன்று.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகக் காண்போம். 2025 மார்ச்சில் மாநிலப் பள்ளிக் கல்வி அமைச்சர் தாதா புசே, மத்திய வாரியமான சிபிஎஸ்இ முறையிலான பாடத்திட்டம் மாநில வாரியப் பள்ளிகளிலும் படிப்படியாகக் கொண்டுவரப்படும் என்றும், 2025-26ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் அது தொடங்கும் என்றும் அறிவித்தார். பாடத்திட்டம் மத்திய வாரியத்தைப் பின்பற்றுமானால் கல்வியாண்டும் அதைப் பின்பற்றி ஏப்ரல் 1ஆம் நாள் தொடங்கலாமே என்ற பேச்சு அதனுடன் சேர்ந்தே வந்தது. ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன. விதர்பாவின் வெயிலை அறிந்த எவரும் எதிர்க்கவே செய்வர். அந்த ஆண்டு பழைய வழக்கப்படி ஜூன் 16ஆம் நாளும், விதர்பாவில் ஜூன் 23ஆம் நாளும்தான் பள்ளிகள் திறந்தன. ஆயினும் ஒன்பதாம் வகுப்பு வரையிலான ஆண்டுத் தேர்வுகள் ஏப்ரல் 25 வரை இழுக்கப்பட்டன. ஜூனை மாற்றாமலே ஏப்ரலைப் பிடித்துக்கொள்ளும் வழி இது.

இதே காலத்தில்தான் ஏப்ரல் 16ஆம் நாள் அரசாணை முதல் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாம் மொழியாகக் கட்டாயமாக்கியது. மராட்டிய மக்கள் கொதித்தெழுந்தனர். ஜூன் 29ஆம் நாள் அரசு தன் ஆணைகளைத் திரும்பப் பெற்றது. மொழித் திணிப்பைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. அது காதில் விழும், உடனே தெரியும். நாட்காட்டித் திணிப்பு அப்படி அன்று. ஓசையின்றி வரும். நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, ஒரே தொடக்க நாள் என்னும் வரிசையில் அது மூன்றாவதாக நிற்பதால் பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஏப்ரல் 1 என்ற நாளுக்குக் கல்வியோடு என்ன உறவு? அது அரசுக் கணக்குத் துறையின் புத்தாண்டு. 1867இல் ஆங்கிலேய ஆட்சி தன் நாட்டுக் கணக்கு வழக்கத்தை ஒட்டி இந்நாட்டின் நிதியாண்டை ஏப்ரலுக்கு மாற்றியது. குழந்தையின் படிப்புக்கும் கருவூலத்தின் பேரேட்டுக்கும் ஒரே நாளில் பக்கம் புரட்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை. தமிழ் இலக்கண மரபு நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது; நிலத்தை விட்டுப் பொழுதைத் தனியே பேசவில்லை. முல்லைக்குக் கார்காலம் உரியது என்றால் அந்த நிலத்து மக்களின் தொழிலும் வாழ்வும் அந்தப் பருவத்தோடு பிணைந்தவை என்பது அதன் பொருள். பள்ளி ஆண்டு பற்றிய விவாதத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது.

இந்தப் பகுதியின் பொழுது எது? அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் பீட் மாவட்டத்திலிருந்தும் மராத்வாடாவின் பிற வறண்ட பகுதிகளிலிருந்தும் டிராக்டர்களிலும் மாட்டு வண்டிகளிலும் கரும்பு வெட்டும் குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ‘கோய்தா’. வெட்டரிவாளின் பெயரே ஆட்கணக்கின் பெயராகிவிட்டது. இரண்டு உடல்கள், ஒரு அரிவாள், ஒரு கணக்கு. அவர்களை அழைத்து வருகிறவர் ‘முகாதம்’; தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் உடன்பிறப்பு என்றால் தமிழர்க்குப் புரியும். முன்பணத்துக்கு ‘உசல்’ என்று பெயர். அந்த முன்பணம் வெட்டித் தீரும் வரை குடும்பம் திரும்ப முடியாது. மார்ச் முடிந்து, சில ஆண்டுகளில் ஏப்ரலும் பாதி கடந்த பிறகே திரும்புகிறார்கள்.

குழந்தைகள் எங்கே? கொப்பியில், அதாவது வயலோரத்துக் குடிசையில். பெற்றோர் விடியுமுன் வயலுக்குப் போய்விட, எட்டு வயதுச் சிறுமி கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள், தண்ணீர் சுமக்கிறாள், வெட்டிய கரும்பின் தோகையைக் கட்டுகிறாள். சற்று வளர்ந்தால் அவளுக்கு மணம் முடிக்கிறார்கள். தனியாளுக்கு இல்லாத முன்பணம் இணையருக்கு உண்டு. ஒரு திருமணம் ஒரு புதிய கோய்தா. பள்ளியிலிருந்து விலகுவதற்கும் அரிவாள் எடுப்பதற்கும் இடையே இருப்பது ஒரு பருவம்தான்.

ஜூனில் திறக்கும் பள்ளியில் இந்தக் குழந்தை தன் ஊரில் சேர்கிறது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் படிக்கிறது. தீபாவளி விடுமுறையோடு மறைந்துபோகிறது. ஆண்டின் ஏறத்தாழ பாதி, அதுவும் இரண்டாம் பாதி முழுவதும், போய்விடுகிறது. ஏப்ரல் 1இல் பள்ளி திறந்தால் என்ன ஆகும்? இரண்டாம் பாதி போவது போகத்தான் போகிறது. அதோடு தொடக்கமும் போகும். புதிய வகுப்பில் பெயர் கூப்பிடப்படும் முதல் நாளில் அந்தக் குழந்தை ஷிரூர் தாலுகாவின் ஏதோ ஒரு கரும்புத் தோட்டத்தில் நிற்கும். ஏப்ரலில் மூன்று வாரம் பாடம் நடந்து, மே மாதம் மூடி, ஜூனில் திறக்கும்போது, ஏற்கெனவே நடந்துவிட்ட பாடங்களுக்குப் பின்னால் அது ஓட வேண்டும். இப்போது ஒரு முனையில் தேயும் கயிறு அப்போது இரு முனைகளிலும் தேயும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கரும்பு அரவை எந்த நாளில் தொடங்க வேண்டும் என்பதை மராட்டியத்தில் அமைச்சர்கள் குழு கூடி முடிவு செய்கிறது. 2024இல் நவம்பர் 15, 2025இல் நவம்பர் 1. கரும்பில் சர்க்கரை ஏறியிருக்கிறதா, மழை விட்டதா, ஆலைகள் ஆயத்தமா என்று எல்லாம் பார்க்கப்படுகின்றன. அந்த நாள் குறிக்கப்படும்போது லட்சக்கணக்கான குழந்தைகளின் பள்ளி ஆண்டும் அங்கேயே முடித்துவைக்கப்படுகிறது. கரும்பின் பக்குவத்தைப் பார்க்கும் அந்தக் கூட்டத்தில் குழந்தையின் வகுப்பைப் பார்க்க யாரும் இல்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது பிழையாகும். ஆலை வளாகங்களின் அருகே சாக்கர் சாலா எனப்பட்ட சர்க்கரைப் பள்ளிகள் தன்னார்வ அமைப்புகளின் முயற்சியால் நடந்தன. கல்வி உரிமைச் சட்டம் வந்தபின், தனியே ஒரு தற்காலிகப் பள்ளி வேண்டாம், முறையான பள்ளியிலேயே சேர்க்க வேண்டும் என்று நிலைப்பாடு மாறியது. புலம்பெயரும் குழந்தைக்குக் கல்வி உறுதி அட்டை ஒன்று தரப்படுகிறது. அதைக் காட்டினால் போன இடத்துப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் போனாலும் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்கப் பருவகால விடுதித் திட்டமும் உண்டு. 2021இல் 41 தாலுகாக்களில் 82 விடுதிகள் என்ற அறிவிப்பும் வந்தது. இவற்றுள் மிகவும் பயனுள்ளது பருவகால விடுதியே. ஆனால் விடுதியின் அனுமதிக் கடிதம் முகாதத்தின் டிராக்டருக்கு முன்னால் வந்து சேர வேண்டும். பின்னால் வந்தால் அது காலி அறைக்கு வந்த கடிதம்.

இனித் தொழிற்பேட்டைக் குடும்பங்களைப் பார்ப்போம். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வரும் தொழிலாளியின் ஊரில் பள்ளி ஏப்ரலில் தொடங்குகிறது. மேற்கு வங்கத்தில் ஜனவரியில். கர்நாடகத்தில் மே இறுதியில். தமிழ்நாட்டில் ஜூன் தொடக்கத்தில். இந்த வீடுகளின் வாடகை ஒப்பந்தமோ பதினொரு மாதத்துக்கு. வேலை ஒப்பந்தம் அதைவிடக் குறுகியதாகவும் இருக்கக்கூடும். ஆகவே குடும்பம் எந்த மாதத்திலும் வரும், எந்த மாதத்திலும் போகும். “நாடு முழுவதும் ஒரே நாளில் பள்ளி தொடங்கினால் எங்கள் பிள்ளைக்கு நல்லதுதானே” என்று இந்தத் தொழிலாளி கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதை எள்ளி நகையாடக் கூடாது. ஆனால் அவர் உண்மையில் இழப்பது தொடக்க நாளின் வேறுபாட்டால் மட்டுமன்று. மாற்றுச் சான்றிதழில் மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம் இல்லை, அடையாள எண் பொருந்தவில்லை, சேர்க்கை முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பும்போதுதான் குழந்தைக்கு ஓர் ஆண்டு போகிறது. இத்தனைக்கும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது. பிற மாநிலத்திலிருந்து வந்தாலும் இதே விதிதான். 15ஆம் பிரிவு, குறித்த காலம் கடந்து வந்த குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. நெல்லையிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ ஜனவரியில் வந்து சேரும் பிள்ளையை ஜனவரியிலேயே பள்ளி ஏற்க வேண்டும். இதைத் தெரிந்துவைத்திருக்கும் ஒரு கிளைத் தோழர் இருந்தால் போதும், பல குழந்தைகளின் ஓர் ஆண்டு மிஞ்சும்.

இதே சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது. அதைப் பலர் படிப்பதில்லை. 9ஆம் பிரிவு உள்ளாட்சி அமைப்பின் கடமைகளை அடுக்குகிறது. புலம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்ப்பதை உறுதிசெய்வது அவற்றுள் ஒன்று. அந்தப் பட்டியலின் கடைசியில், கல்வியாண்டு நாட்காட்டியை முடிவு செய்வதும் உள்ளாட்சியின் கடமை என்று எழுதப்பட்டுள்ளது. அமைச்சரகத்தின் கடமை என்றோ மத்திய வாரியத்தின் கடமை என்றோ எழுதப்படவில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், வெயிலும் மழையும் அறுவடையும் ஊருக்கு ஊர் மாறும் நாட்டில் நாட்காட்டி ஊருக்கு அருகில் எழுதப்பட வேண்டும் என்று கருதியது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும்படி உள்ளாட்சிகளைத் தூண்டிவிட எந்த அரசுக்கும் விருப்பம் இல்லை. மராட்டியத்தில் பல உள்ளாட்சி அமைப்புகள் தேர்தலே இன்றி ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளின் கையில் கிடந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இங்கே ஓர் இடறல் இருக்கிறது. பள்ளி ஆண்டை ஊரின் தொழிலுக்கு ஏற்ப அமைப்பது என்றால், குழந்தை உழைப்புக்கு ஏற்ப அமைப்பது என்று ஆகிவிடாதா? கரும்பு வெட்டும் மாதங்களில் விடுமுறை விட்டுவிட்டு, அவர்கள் திரும்பியதும் பள்ளியைத் திறந்தால் என்ன என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தில் உருளைக்கிழங்கு பறிக்கும் அக்டோபரில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். இன்றும் அந்த விடுமுறைக்கு உருளைக்கிழங்கு விடுமுறை என்ற பேச்சு வழக்குப் பெயர் நிற்கிறது. குழந்தைகள் வயலில் குனிந்து கிழங்கு பொறுக்கினார்கள்; பண்ணையாருக்கு மலிவான ஆள் கிடைத்தது. தமிழ்நாட்டில் 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நாளுக்கு மூன்று மணிநேரம். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இடமின்மை, ஆசிரியரின்மை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. பள்ளி நேரத்தைக் குறைப்பது, பள்ளி நாளை நகர்த்துவது எல்லாம் நடுநிலையான கணக்கு வேலை போலத் தோன்றும். யாருடைய குழந்தை அந்த மிச்ச நேரத்தில் என்ன செய்யும் என்று கேட்டவுடன் அதன் வர்க்கமும் சாதியும் வெளிப்பட்டுவிடும்.

ஆகவே நாட்காட்டியை ஊரில் முடிவு செய்ய வேண்டும் என்ற கோரிக்கையோடு, எந்த மாற்றமும் குழந்தையை வயலுக்கு அனுப்ப வழிவகுக்கக் கூடாது என்ற கோடும் கிழிக்கப்பட வேண்டும். கரும்புக் காலத்தில் பள்ளியை மூடுவது தீர்வன்று. கரும்புக் காலத்தில் விடுதியைத் திறப்பதே தீர்வு. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியம் அளித்த ஜோதிராவ் புலே, குறைந்தது பன்னிரண்டு வயது வரை தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று கேட்டார். நிலவரியைக் கொடுக்கும் உழவரின் பணத்தில் மேல்சாதியார் படிக்கிறார்கள் என்று அப்போதே சுட்டிக்காட்டினார். கேட்டது இந்தப் புனேவிலிருந்து.

பள்ளி ஆண்டின் தொடக்கத்தைப் போலவே அதன் நீளமும் சண்டைக்குரியதாகி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 கற்பித்தல் மணிநேரமும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாட்களும் 1000 மணிநேரமும் குறைந்த அளவாக வைக்கிறது. கோத்தாரி கல்விக் குழு 1966இல் பள்ளிகளுக்கு 234 கற்பித்தல் நாட்கள் என்று பரிந்துரைத்திருந்தது. தமிழ்நாட்டில் 2024-25க்கு முதலில் 220 நாட்கள் என்று அறிவித்து, ஆசிரியர்கள் எதிர்த்தபின் 210 ஆகக் குறைத்தார்கள்.

கேரளத்தில் நடந்தது விரிவாக அறியத்தக்கது. அப்போது அங்கே இருந்தது இடதுசாரி அரசு என்பதால் கூடுதலாகவே அறியத்தக்கது. 2024-25க்கு 25 சனிக்கிழமைகளையும் வேலை நாளாக்கி 220 நாள் நாட்காட்டியை வெளியிட்டது கேரளக் கல்வித்துறை. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன, வழக்குப் போயிற்று. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. உரிய கலந்தாய்வு இன்றி எடுத்த முடிவு என்பதே அதன் மையம். அடுத்த ஆண்டு வல்லுநர் குழு அமைத்து, உயர்நிலைப் பள்ளிகளுக்கு நாள்தோறும் அரை மணிநேரம் கூட்டி, சனிக்கிழமைகளைச் சிலவாகச் சுருக்கிக்கொண்டார்கள். பின்னர் 2025 ஜூலை இறுதியில் கல்வி அமைச்சர் வி.சிவன்குட்டி இன்னொரு கேள்வியைப் பொதுவெளியில் வைத்தார்: ஏப்ரல், மே மாதங்களில் விடும் கோடை விடுமுறையை, மழை கொட்டும் ஜூன், ஜூலைக்கு மாற்றினால் என்ன? மழையால் மாவட்ட ஆட்சியர்கள் விடுமுறை அறிவித்து அறிவித்து அந்த மாதங்களில் படிப்பு நடப்பதே இல்லை என்பது அடிப்படை.

யோசனை சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஆணையைப் போட்டுவிட்டு விவாதிப்பதற்கும், விவாதத்தைத் திறந்துவிட்டு ஆணையை யோசிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டியது. அந்த அரசே முந்தைய ஆண்டு நீதிமன்றத்தில் கற்றுக்கொண்ட பாடம் அது என்று சொன்னால் மிகையாகாது. யோசனையின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை, மே மாதத்தில் வகுப்பு நடத்த வேண்டுமானால் கூரையும் மின்விசிறியும் குடிநீரும் முதலில் வேண்டும். கேரளத்தில் அவை ஓரளவு உள்ளன. மராத்வாடாவின் தகரக் கூரைப் பள்ளியில் இல்லை. 2025 மார்ச் இறுதியில் வெப்பத்தை முன்னிட்டு மராட்டியத் தொடக்கப் பள்ளிகளைக் காலை 7 முதல் 11.15 வரை மட்டும் நடத்தச் சொன்னார்கள் என்பது நினைவிருக்கட்டும். மார்ச்சிலேயே அரைநாள் பள்ளி என்றால் ஏப்ரலில் புத்தாண்டு எப்படி?

மேலிருந்து மாற்றிய நாட்காட்டி என்ன ஆகும் என்பதற்குக் காஷ்மீர் சான்று. பனிக்காலத்தில் மூடி இருக்கும் அங்கு, கல்வியாண்டு அக்டோபர், நவம்பரில் தேர்வோடு முடிவது நெடுங்கால வழக்கம். 2022இல், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே இல்லாத நேரத்தில், நாட்டின் பிற பகுதிகளோடு ஒன்றாக்குவது என்ற பெயரில் அதை மார்ச்சுக்கு மாற்றினார்கள். 2024இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு வந்ததும் ஒன்பதாம் வகுப்பு வரை பழைய முறை திரும்பியது. இமாச்சலமோ நெடுங்காலமாக ஒரே மாநிலத்துக்குள் கோடையில் மூடும் பள்ளி, குளிர்காலத்தில் மூடும் பள்ளி என்று இரண்டு நாட்காட்டி வைத்திருக்கிறது. அதனால் அங்கே வானம் இடிந்து விழவில்லை. இலங்கையில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குவது மரபு. மலேசியாவில், அங்குள்ள தமிழ்ப் பள்ளிகள் உட்பட, பெருந்தொற்றுக் காலத்தில் நகர்ந்த ஆண்டு 2026 முதல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்புகிறது. ஜப்பானில் 2020இல் ஏப்ரலை விட்டுச் செப்டம்பருக்குப் போகலாமா என்று யோசித்துக் கைவிட்டார்கள்.

நீளம் பற்றிப் பேசும்போது இந்த ஷிரூர் தாலுகாவிலேயே உள்ள கர்டேல்வாடி ஜில்லா பரிஷத் பள்ளியைப் பலர் எடுத்துக்காட்டுவர். ஆசிரியத் தம்பதியர் ஆண்டின் 365 நாளும் பள்ளியைத் திறந்து வைத்துப் பெயர் பெற்ற பள்ளி அது. நாசிக் மாவட்டத்து ஹிவாளிப் பள்ளிக்கும் இதே பெயர் உண்டு. விடுமுறை நாளிலும் பள்ளி வாசல் திறந்திருப்பது ஏழைக் குழந்தைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை எவரும் மறுக்க இயலாது. அந்த ஆசிரியர்கள் போற்றுதலுக்குரியவர்கள். ஆனால் “அவர்களால் முடியும்போது மற்றவர்களால் ஏன் முடியாது” என்று அதிகாரி ஒருவர் கேட்கும்போது, தொழிற்சங்கத்தவர் விழிப்படைய வேண்டும். பம்பாய் ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை யாரும் தானமாகக் கொடுத்ததன்று. நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் கோரிக்கை வைத்து, 1890இல் கிடைத்தது. விடுமுறையை வென்றெடுத்த இயக்கம், ஆசிரியரிடம் மட்டும் விடுமுறை கேட்காதே என்று சொல்ல முடியாது. பள்ளி 365 நாளும் திறந்திருக்கலாம். அதற்கு இரு மடங்கு ஆட்கள் வேண்டும். ஒருவரின் தியாகத்தைத் திட்டமாக்குவது அரசு தன் செலவை மிச்சப்படுத்தும் வழி.

220 நாள் என்று தாளில் எழுதுவதால் 220 நாள் பாடம் நடப்பதில்லை. தேர்தல் பணி, வாக்காளர் பட்டியல் பணி, வந்து நிற்கும் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லாவற்றுக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் பள்ளி ஆசிரியர். இரண்டு ஆசிரியர் மட்டுமே உள்ள பள்ளியில் ஒருவர் போனால், நாட்காட்டியில் வேலை நாளாக உள்ள நாள் பாதி நாளாகிறது.

இன்னொரு கணக்கையும் போட வேண்டும். விடுமுறை என்றால் மதிய உணவு இல்லாத நாள். 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பள்ளியில் மதிய உணவு வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. நீதிபதிகளுக்குப் புரிந்தது திட்டமிடுவோருக்கும் புரிய வேண்டும். மே முழுவதும் மூடி ஜூன் நடுவில் திறக்கும் பள்ளி, வறண்ட கிராமத்தின் குழந்தைக்கு ஆறு வாரம் மூடிய சமையலறை. ஆகையால் விடுமுறை எவ்வளவு நீளம் என்று கேட்பவர், விடுமுறையில் அடுப்பு எரியுமா என்றும் கேட்டாக வேண்டும்.

இவ்வளவுக்கும் பின், ஏப்ரலை விரும்பும் பெற்றோரிடம் என்ன சொல்வது? அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று வலுவானது. தனியார் ஆங்கிலப் பள்ளிகள் ஜனவரியிலேயே சேர்க்கையைத் தொடங்கி, ஏப்ரலில் பணம் வாங்கிவிடுகின்றன. ஜில்லா பரிஷத் பள்ளி ஜூனில் கதவைத் திறக்கும்போது குழந்தைகள் போய்விட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தது என்று சொல்லி அந்தப் பள்ளியையே மூடவோ வேறொன்றோடு இணைக்கவோ அடுத்த ஆணை வருகிறது. இதற்கு விடை வகுப்பை ஏப்ரலில் தொடங்குவதன்று. சேர்க்கையை முன்னதாகத் தொடங்குவது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் 2024இலும் 2025இலும் மார்ச் 1ஆம் நாளே சேர்க்கையைத் தொடங்கின, வகுப்பு ஜூனில்தான். ஓட்டப்பந்தயம் சேர்க்கையில் நடக்கிறது. அதற்காக ஆறு வயதுக் குழந்தையை 42 டிகிரியில் உட்கார வைக்க வேண்டியதில்லை. மத்திய வாரியமே 2023 மார்ச்சில், ஏப்ரல் 1க்கு முன்னதாகவே வகுப்பைத் தொடங்கிவிட்ட தன் பள்ளிகளைக் கண்டித்துச் சுற்றறிக்கை விட நேர்ந்தது. முந்துவோர் பின்னால் ஓடினால் கோடு எங்கும் நிற்காது என்பதற்கு வாரியத்தின் சொந்த அனுபவமே போதும்.

ஒரே நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமே என்பது மற்றொரு காரணம். மருத்துவ, பொறியியல் நுழைவுத் தேர்வு எழுதும் பதினெட்டு வயது மாணவரின் வசதிக்காக, முதல் வகுப்புக் குழந்தையின் ஆண்டைத் திருத்துவது தலைகீழ் வேலை. பெரும்பாலான குழந்தைகள் அந்தத் தேர்வறையின் பக்கமே போக வாய்ப்பற்றவர்கள். தேர்வு நாளை நகர்த்துவது எளிது.

இந்தப் பகுதியில் உடனடியாகச் செய்யத்தக்க வேலைகள் சில உள்ளன. தொழிலாளர் குடியிருப்புகளில் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை எடுத்து, எந்த மாநிலத்திலிருந்து எந்த மாதத்தில் வந்தார்கள், பள்ளியில் இருக்கிறார்களா என்று குறித்துக்கொள்ள வேண்டும். தமிழ், இந்தி, ஒடியா பேசும் தோழர்கள் சேர்ந்து போனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடியும். நவம்பரில் கரும்பு வெட்டும் குடும்பங்கள் வந்து இறங்கியதும் மராத்தி தெரிந்த தோழர்கள் கொப்பிகளுக்குச் சென்று, கல்வி உறுதி அட்டை கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அட்டை இல்லாத குழந்தையையும் சட்டப்படி சேர்க்கலாம். தலைமையாசிரியரிடம் 5, 9, 15 ஆகிய பிரிவுகளைக் காட்டினால் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. அதில் புலம்பெயர்ந்த பெற்றோர் ஒருவராவது இடம்பெறக் கேட்க வேண்டும். கிராம சபை கூடும்போது இரண்டு தீர்மானங்களை முன்வைக்கலாம். ஏப்ரல் 1 தொடக்கம் இந்தப் பகுதிக்கு ஏற்றதன்று என்பது ஒன்று. அரவை தொடங்கும் நாளை அமைச்சர்கள் குழு அறிவிக்கும் அதே நாளில், கரும்பு வெட்டுவோர் புறப்படும் ஊர்களின் பருவகால விடுதிகளுக்கான அனுமதியும் வெளிவர வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பீட் மாவட்டத் தோழர்களோடு பேசி, அங்குள்ள கிராம சபைகளிலும் ஒரே வாசகத்தில் நிறைவேற்றினால், அது ஷிரூர் தாலுகாவின் குரலாக மட்டும் நிற்காது. தீர்மான வாசகம் மராத்தியிலும் தமிழிலும் ஆயத்தமாக உள்ளது. கூட்டம் முடிந்ததும் பெற்றுக்கொள்ளலாம்.